ஆற்றங்கரையா, மேட்டு நிலமா? புதிய நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடம் தேர்வது பற்றி

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள வெருலத்தில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கு இந்தப் பதிலை எழுதுகிறேன். டர்பன் போன்ற ஒரு நகரத்துக்குப் புதிதாக நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதானால் அதற்கு இடம் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறது, 2022 வெள்ளத்தில் பக்கத்து ஊரான டோங்காட்டின் நிலையம் சிதைந்த பிறகும் ஆற்றோரத்தையே ஏன் பேசுகிறார்கள், குடியிருப்புக்கு அருகில் வந்தால் ஆபத்து உண்டா என்று அவர் கேட்டிருக்கிறார். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் அவற்றின் அடியில் இருப்பது ஒரே ஐயம் என்று எண்ணுகிறேன்: இடத்தைத் தீர்மானிப்பது பொறியியலா, நிலத்தின் விலையா, அல்லது எதிர்ப்பு எங்கே குறைவோ அந்த இடமா என்பதே அது. மூன்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் எது முதலில் வரவேண்டும் என்பதில் குடிநீர்த் துறையில் நெடுங்காலம் பொறியாளராக இருந்தவன் என்ற முறையில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. எந்த ஒரு குறிப்பிட்ட மனையைப் பற்றியும் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. மண் ஆய்வும் மட்ட அளவையும் கையில் இல்லாமல் அப்படிச் சொல்பவரை நீங்களும் நம்ப வேண்டாம்.

முதலில், நிலையம் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் மூன்று வேறு இடங்கள். ஆற்றிலோ அணையிலோ தண்ணீரை எடுக்கும் இடம் ஒன்று. அதைத் தெளிய வைத்து, வடிகட்டி, குளோரின் சேர்க்கும் இடம் இன்னொன்று. சுத்தமான நீரைத் தேக்கி நகரத்துக்கு அனுப்பும் பெருந்தொட்டி மூன்றாவது. எடுக்கும் இடம் நீரோடு ஒட்டியிருந்தே தீர வேண்டும். தேக்கும் தொட்டி உயரத்தில் இருந்தால்தான் வீட்டுக் குழாயில் அழுத்தம் இருக்கும். நடுவில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்கு மட்டும் அப்படிப்பட்ட கட்டாயம் எதுவும் கிடையாது. அது ஆற்றோரத்திலும் இருக்கலாம், முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு மேட்டிலும் இருக்கலாம். இடத்தைப் பற்றிய விவாதம் முழுவதும் இந்தச் சுதந்திரத்தில்தான் பிறக்கிறது. ஆற்றோரத்தையே ஏன் பேசுகிறார்கள் என்றால், பல சமயங்களில் எடுக்கும் இடத்தையும் சுத்திகரிக்கும் இடத்தையும் ஒன்றாகவே வைத்துப் பழகியதால்தான். சிறிய ஊருக்கு அது சிக்கனம். பெரிய நகரத்துக்கு அது பழக்கமாக மட்டுமே இருக்கக்கூடும்.

என் கணக்கில் முதலில் வரவேண்டியது உயரம். வீட்டில் ஜோஜோ என்னும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் அனைவருக்கும் இது தெரியும்: தொட்டியைத் தரையில் வைத்தால் பம்ப் வேண்டும், மேடையில் ஏற்றிவிட்டால் மின்சாரம் போனாலும் குழாயில் நீர் வரும். நகரத்துக்கும் கணக்கு இதுதான், அளவு மட்டுமே வேறு. ஒரு நாளைக்கு 50 மெகாலிட்டர், அதாவது ஐந்து கோடி லிட்டர், நீரை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 75 விழுக்காடு திறனோடு இயங்கினால் அதற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 18,000 யூனிட் மின்சாரம் செலவாகும். ஆண்டுக்கு 66 லட்சம் யூனிட். நிலையம் ஐம்பது ஆண்டு உழைக்கும். இதை அன்றைய மின்கட்டணத்தால் பெருக்கிப் பார்த்தால், தாழ்வான மலிவு நிலத்தை வாங்கி மிச்சம் பிடித்த பணம் எத்தனை ஆண்டில் கரைகிறது என்பது தெரிந்துவிடும். நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு திட்ட அறிக்கை தொடக்கத்திலேயே பெருமையாகச் சொன்னால் அதன் மின்செலவுப் பக்கத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்பது நான் இளம் பொறியாளர்களுக்குச் சொல்லி வந்த அறிவுரை.

இதில் டர்பனுக்கு இயற்கை தந்த வசதி பெரிது. மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகல், இனாண்டா என்று உம்ங்கேனி ஆற்றில் அடுத்தடுத்து அமைந்த அணைகள் எல்லாம் கடலை நோக்கி இறங்கும் சரிவில் உள்ளன. 1950-ல் கட்டி முடிக்கப்பட்ட நேகல் அணையின் நீர் சுரங்கங்களும் பெருங்குழாய்களும் வழியாகப் புவியீர்ப்பாலேயே ரிசர்வாயர் ஹில்ஸ் பக்கத்து மேட்டில் உள்ள டர்பன் ஹைட்ஸ் நிலையத்தை அடைகிறது. அங்கே சுத்தமாகி, அங்கிருந்து மீண்டும் சரிவில் இறங்கி நகரத்தின் பெரும்பகுதிக்குப் போகிறது. அந்த இடத்தைத் தேர்ந்தவர்கள் அடுத்த பல தலைமுறைகளின் மின்கட்டணத்தையும் சேர்த்தே மிச்சப்படுத்திவிட்டார்கள். ஜொகன்னஸ்பர்க்கின் நிலை இதற்கு நேர்மாறு. நீர்ப்பிரிமேட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்த நகரத்துக்கு, வால் ஆற்றில் எடுத்துச் சுத்திகரித்த நீரை 300 மீட்டருக்கும் மேலாக ஏற்றியாக வேண்டும். பம்ப் நிலையத்தில் மின்சாரம் தடைப்பட்டால் மேட்டுப் பகுதித் தொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வறண்டு போவதை அங்குள்ளவர்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள். மின்வெட்டுக்குப் பழகிப்போன இந்த நாட்டில், நிலையம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைச் செலவுக் கணக்கில் மட்டும் சேர்த்தால் போதாது, தண்ணீர் வருமா வராதா என்ற கணக்கிலும் சேர்க்க வேண்டும்.

அடுத்தது, நீர் எடுக்கும் இடத்துக்கு அருகிலா, நகரத்துக்கு அருகிலா என்பது. இங்கே ஒரே சரியான விடை இல்லை. அணைக்கருகில் சுத்திகரித்தால் குழாயில் வண்டல் படியாது. வடிகட்டிகளைக் கழுவும் நீரையும், தெளிந்த பின் அடியில் தங்கும் கசடையும் அங்கேயே கையாளலாம். எடுத்த நீரில் பொதுவாக நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு இப்படிக் கழுவலுக்கும் கசடுக்கும் போகிறது. அதை நெடுந்தூரம் குழாயில் கொண்டுவந்து பிறகு கழிப்பதில் பொருளில்லை. ஆனால் சுத்தமான நீர் நெடுந்தூரக் குழாயில் பல மணி நேரம் பயணம் செய்தால் அதில் உள்ள குளோரின் படிப்படியாகக் குறையும். கடைசி வீட்டில் கிருமிகளுக்கு எதிரான காப்பு மிஞ்சுவதற்காகத் தொடக்கத்தில் கூடுதலாகச் சேர்க்க வேண்டும், அல்லது வழியில் மறுபடி சேர்க்க வேண்டும். நகரத்துக்கு அருகில் உயரமான இடத்தில் நிலையம் இருந்தாலோ, இரண்டு மூன்று அணைகளின் நீரை ஒரே இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஒன்றில் பாசி பெருகினால் மற்றதைக் கூட்டலாம். அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரே அணையை நம்பிய நிலையத்துக்கு அந்த வாய்ப்பு இருக்காது. பல நீர்மூலங்கள் உள்ள நகரத்துக்கு நான் நகர்ப்பக்க மேட்டையே விரும்புவேன். அதே நேரத்தில் அதன் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும்: 2022-ல் டர்பன் ஹைட்ஸ் நிலையத்துக்கு வெள்ளம் ஏறவில்லை, ஆனால் நேகலிலிருந்து அதற்கு நீர் கொண்டுவரும் பெருங்குழாய்கள் சேதமடைந்தன. நிலையத்தை மேட்டில் வைத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. அது குழாய்ப் பாதைக்கு இடம் மாறுகிறது. ஆகவே இடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் மனையை மட்டும் சுற்றி வந்தால் போதாது, குழாய் கடக்கும் ஒவ்வொரு ஓடையிலும் இறங்கிப் பார்க்க வேண்டும்.

எடுக்கப்போகும் நீரின் தரம் பற்றி மக்கள் கூட்டங்களில் குறைவாகவே பேசப்படுகிறது. ஒரே ஆற்றின் இரண்டு அணைகளில்கூட நீர் ஒன்றாக இருப்பதில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் வழியாக ஓடி, அந்நகரத்தின் டார்வில் கழிவுநீர் நிலையத்திலிருந்து வெளியேறும் நீரையும் ஏற்றுக்கொண்டு வரும் உம்சுண்டூசி ஆறு, நேகலுக்குக் கீழே, இனாண்டாவுக்கு மேலே உம்ங்கேனியில் கலக்கிறது. அதனால் இனாண்டாவுக்கு வரும் நீரில் ஊட்டச்சத்து மிகுதி. ஆகாயத்தாமரை அங்கே மண்டுவதன் காரணம் அதுதான். அப்படிப்பட்ட நீரைச் சுத்திகரிக்க முடியும், விக்கின்ஸ் நிலையம் அதைத்தான் செய்து வருகிறது; ஆனால் அதற்கான தொட்டிகளும் மருந்துச் செலவும் வேறு. வடக்கே கரும்பு நிலங்களின் வழியாக வரும் ஆறுகளில் மழைக்காலத்தில் வண்டலும் களைக்கொல்லியும் சேர்ந்து வருவது எதிர்பார்க்கக்கூடியதே. எனவே ஒரு வறட்சி, ஒரு பெருமழை இரண்டையும் உள்ளடக்கிய காலத்துக்கு வாரந்தோறும் எடுத்த மாதிரிகளின் முடிவுகள் இல்லாமல் நீர் எடுக்கும் இடத்தை உறுதி செய்வதை நான் ஏற்கமாட்டேன். இரண்டு மாதத்து மாதிரிகளை வைத்துக்கொண்டு எழுதப்பட்ட அறிக்கைகள் அழகான வரைபடங்களோடு வருவதுண்டு.

வெள்ளத்துக்கு வருகிறேன். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பன் பகுதியில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆற்றோரத்தில் இருந்த டோங்காட் சுத்திகரிப்பு நிலையம் பெருஞ்சேதம் அடைந்ததால் அவ்வூரின் பெரும்பகுதி பல மாதங்கள் லாரித் தண்ணீரை நம்பி வாழ்ந்தது. சாலையையும் வீட்டையும் வெள்ளம் பாதித்தால் பாதிப்பு அந்தத் தெருவோடு நிற்கும். சுத்திகரிப்பு நிலையத்தைப் பாதித்தால், வெள்ளத்தின் ஒரு துளி கூடத் தொடாத மேட்டுத் தெருவும் குடத்தோடு வரிசையில் நிற்கும். ஆகவே பிற கட்டடங்களுக்குப் பயன்படுத்தும் வெள்ள அளவுகோல் இதற்குப் போதாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நம் சட்டம் புதிய குடியிருப்பு வரைபடங்களில் நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தின் கோட்டைக் காட்டச் சொல்கிறது. அந்தப் பெயரே மக்களை ஏமாற்றுகிறது. அதன் பொருள் ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே; ஐம்பது ஆண்டு உழைக்கும் நிலையம் அந்தக் காலத்துக்குள் அப்படி ஒரு வெள்ளத்தைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு. இருநூறாண்டு வெள்ளத்தை எடுத்துக்கொண்டாலும் அது 22 விழுக்காட்டுக்குத்தான் இறங்குகிறது.

அந்தக் கோடு எங்கே வரையப்படுகிறது என்பது இன்னும் ஐயத்துக்குரியது. நம் ஆறுகளில் நீரோட்டத்தை அளந்து வைத்த பதிவுகள் குறுகியவை. பெருவெள்ளம் வரும்போது அளவுகோலே அடித்துச் செல்லப்படுவதும் உண்டு. மேற்பகுதியில் கூரைகளும் தார்ச்சாலைகளும் பெருகப் பெருக அதே மழைக்கு அதிக நீர் விரைந்து வருகிறது. காலநிலை மாறுவதால் பழைய மழைக் கணக்கு இனியும் பொருந்துமா என்பதில் வல்லுநர்களிடையே எண்கள் வேறுபடுகின்றன. இத்தகைய நிலையில் ஊரின் நினைவும் ஒரு பதிவுதான். 1917 அக்டோபரில் உம்ங்கேனி பெருகி ஸ்பிரிங்ஃபீல்ட் தாழ்நிலத்தில் வாழ்ந்த இந்தியக் குடும்பங்களை வாரிச் சென்றதும், படவட்டன் அறுவர் என்று நாம் நினைவுகூரும் வலை மீனவர்கள் படகில் போய் நூற்றுக்கும் மேற்பட்டோரை மீட்டதும் நம் சமூகம் மறக்காத செய்தி. 1976-ல் அதே பகுதியில் டின் டவுன் என்ற தகரக் குடிசைப் பகுதி மூழ்கியது. அங்கிருந்து வந்தவர்கள்தான் டர்பனுக்கு வடக்கே உள்ள பீனிக்ஸ் நகர்ப்பகுதியின் முதல் குடிகள். 1987 செப்டம்பரில் மீண்டும் மாகாணம் முழுவதும் வெள்ளம். இத்தனைக்கும் சான்றாக உள்ள ஊரில், வெள்ளக்கோட்டை கணினி தந்த எண்ணாக மட்டும் எடுத்துக்கொள்ளாமல், பழைய குடிகள் காட்டும் நீர்மட்டத் தடங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பொறியாளருக்கு இழுக்கல்ல. ஆற்றோரத்தில் எடுக்கும் பம்ப் மட்டும் இருக்கட்டும். அதற்கும் மின்பலகையும் மின்மாற்றியும் வெள்ளமட்டத்துக்கு மேலே தூண்களில் நிற்கட்டும். வடிகட்டிகளும் மருந்துக் கிடங்கும் ஆய்வகமும் மேட்டுக்குப் போகட்டும். இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். நிலையத்துக்குப் போகும் ஒரே சாலை ஒரு தாழ்பாலத்தைக் கடந்தால் மேட்டில் வைத்தும் பயன் குறைவு. குளோரின் லாரி வராவிட்டால் சில நாட்களில் நிலையம் நின்றுவிடும்.

மண்ணைப் பற்றி டர்பனுக்கே உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. கடலோர மேடுகளில் பரவியிருக்கும் பெரியா செம்மணல் உலர்ந்திருக்கும்போது கெட்டியாகத் தோன்றும். நனைந்தால் சில இடங்களில் திடீரென அமிழும், ஓடும் நீரில் எளிதாக அரிக்கப்படும். சாதாரண வீட்டுக்கே இது தொல்லை. ஆயிரக்கணக்கான டன் நீரைத் தாங்கும் தொட்டி அதன்மேல் நின்று, சிறு கசிவு ஏற்பட்டால், கசிவு மண்ணை நனைக்கும், மண் அமிழும், தொட்டி விரியும், கசிவு பெருகும். களிப்பாறைச் சரிவுகளில் வேறு விதமான சிக்கல்: வெட்டிச் சமன் செய்த சரிவு மழையில் நழுவக்கூடும். ஆகவே மேட்டு நிலம் என்றாலே நல்ல நிலம் என்று பொருளல்ல. மணற்பாறை ஆழமில்லாமல் கிடைக்கும், மெல்லிய சரிவுள்ள மனை கிடைத்தால் அதை விடக்கூடாது. நீர் நிலையத்துக்குள் ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே இறங்கிச் செல்ல மொத்தத்தில் நான்கு முதல் ஆறு மீட்டர் வரை மட்ட வேறுபாடு தேவைப்படும், அதை இயற்கையே தந்துவிடும். பரப்பளவில் கஞ்சத்தனம் கூடாது. கசடுக்கும் பின்னாள் விரிவாக்கத்துக்கும் சேர்த்து வாங்காத மனை, இருபது ஆண்டில் இன்னொரு தேடலைத் தொடங்க வைக்கும்.

குடியிருப்புக்கு அருகில் வந்தால் ஆபத்தா என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். குடிநீர் நிலையம் கழிவுநீர் நிலையம் அல்ல. நாற்றம் அநேகமாக இருக்காது. உண்மையான அபாயம் ஒன்றுதான்: அழுத்தத்தில் அடைத்த குளோரின் வாயு. ஒரு டன் கொள்கலன்களில் அது சேமிக்கப்பட்டால், கசிவு ஏற்படும் நாளில் காற்று எத்திசையில் வீசும் என்பதைக் கணக்கிட்டு அபாய மதிப்பீடு செய்தே ஆக வேண்டும். பெரும் அபாய நிறுவல்களுக்கான விதிமுறைகள் இங்கே பொருந்தும். வாயுவுக்குப் பதிலாக ஹைப்போகுளோரைட் திரவம் பயன்படுத்தினால் அந்த அபாயம் வெகுவாகக் குறையும், செலவு கூடும். வீடுகளை ஒட்டிய மனை என்றால் திரவத்தையே கேளுங்கள் என்பேன். மற்றவை தொல்லைகள், ஆபத்துகள் அல்ல: பம்ப் இரைச்சல், இரவு விளக்கு, கசடு ஏற்றிய லாரிகள் பள்ளித் தெரு வழியாகப் போவது. லாரிப் பாதையை மக்கள் கேட்டால் மாற்றித் தருகிறார்கள். கேட்காவிட்டால் வரைபடத்தில் உள்ள குறுக்குவழியே நிலைத்துவிடும்.

இந்த நாட்டில் மனை தேடுபவர் மண்ணுக்குக் கீழே பார்ப்பதைப் போலவே பத்திரத்துக்குக் கீழேயும் பார்க்க வேண்டும். டர்பனின் கேட்டோ மேனரிலும் வேறு பல இடங்களிலும் வெறுமையாகக் கிடக்கும் நிலம் எப்போதும் வெறுமையாக இருந்ததல்ல. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தின் கீழ் அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் மாமரங்களும் சில இடங்களில் கோயில்களும் இன்னும் நிற்கின்றன. அப்படி இழந்த நிலத்தைத் திரும்பக் கோர வழிசெய்யும் 1994-ஆம் ஆண்டு நில மீட்புச் சட்டத்தின்படி ஒரு மனைமேல் முடிவு பெறாத கோரிக்கை இருந்தால், பொறியியல் அளவில் எவ்வளவு சிறந்ததாயினும் திட்டம் அங்கே முடங்கும். முடங்குவது நியாயமும்தான். கரும்பு நிலமாயின் விளைநிலத்தைப் பிரிப்பதற்கான ஒப்புதல் தனியாக வேண்டும்.

கடைசியாக, நீங்கள் என்ன செய்யலாம் என்பது. சுற்றுச்சூழல் விதிமுறைகளின்படி, 36 சென்டிமீட்டர் உள்விட்டத்துக்குக் குறையாத நீர்க்குழாய் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போனால், அல்லது நீரோடையிலிருந்து 32 மீட்டருக்குள் பெரிய கட்டுமானம் வந்தால், சில விலக்குகளைத் தவிர, முன்மதிப்பீடு தேவைப்படும். அதில் மாற்று இடங்களையும், எதுவுமே கட்டாமல் விடும் மாற்றையும் ஆராய்ந்து காட்ட வேண்டும். மக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். அக்கறையுள்ள தரப்பாகப் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அறிக்கையில் இடங்களுக்கு மதிப்பெண் போட்ட ஒரு பட்டியல் இருக்கும். அதில் மதிப்பெண்களைவிட, எந்த அம்சத்துக்கு எவ்வளவு எடை கொடுத்தார்கள் என்பதைப் பாருங்கள். செலவுக்கு 40, வெள்ளத்துக்கு 5 என்று எடை போட்டால் எந்த ஆற்றங்கரையும் முதலிடம் பெறும். அந்த எடைகள் அறிவியல் அல்ல, சிலரின் தீர்ப்பு. வெள்ளத்துக்கான எடையை இரட்டிப்பாக்கினால் வரிசை மாறுகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். மாறாவிட்டால் தேர்வு வலுவானது. மாறினால் முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை என்றே பொருள்.

எதுவுமே கட்டாமல் விடும் மாற்றை எல்லோரும் ஒரு பத்தியில் கடந்துவிடுவார்கள். நீங்கள் கடக்க வேண்டாம். நாட்டில் குழாய்க்கு அனுப்பும் நீரில் ஏறத்தாழ 47 விழுக்காடு கசிவாலும் திருட்டாலும் மீட்டர் அளவீட்டுக் குறைபாட்டாலும் வருவாய் தராமல் போகிறது என்று 2023-ல் தேசிய நீர்த்துறையே அறிவித்தது. டர்பனை உள்ளடக்கிய எத்தேக்வினி மாநகராட்சியில் அது பாதிக்கும் மேல். கசிவைச் சரிசெய்வதால் புதிய நிலையமே தேவைப்படாது என்று நான் சொல்லமாட்டேன். டர்பனுக்கு வடக்கே உள்ள கடலோரத்தில் வீடுகள் பெருகும் வேகத்துக்கு எப்போதாவது ஒன்று தேவைப்படும். ஆனால் 50 மெகாலிட்டர் நிலையமா, 30 மெகாலிட்டர் நிலையமா என்பதை அது மாற்றும். 30 மெகாலிட்டருக்கு வேண்டிய பரப்பு குறைவு என்பதால், பட்டியலில் சிறிது என்று ஒதுக்கப்பட்ட ஏதோ ஒரு நல்ல மேட்டு மனை மறுபடி கணக்கில் வரக்கூடும். கருத்துக் கடிதத்தில் அந்தக் கேள்வியை முதலாவதாக எழுதுங்கள்: இந்த நிலையத்தின் கொள்ளளவு, கசிவு குறைந்த பின் வரும் தேவைக்கா, இன்றைய கசிவையும் சேர்த்துக் கணக்கிட்ட தேவைக்கா?